மடை வரை வந்த நீர்

ராத்திரி பத்தரை மணி. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி என் அண்ணன் மகள் உட்கார்ந்திருந்தாள். பாகூரில் எங்கள் தெருவில் டவர் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் அந்த மூலை ஒன்றுதான். மடியில் லேப்டாப், காலடியில் கொசுவத்தி. ஆன்லைனில் ஒரு பட்டப்படிப்பு படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. கூடப் படிப்பவர்கள் எழுதிய ஐந்து கட்டுரைகளை வாசித்து நள்ளிரவுக்குள் மதிப்பெண் போட வேண்டும். எட்டிப் பார்த்தேன். ஐந்துக்கும் 10-க்கு 10 போட்டிருந்தாள்.

"எல்லாரும் அவ்வளவு நல்லாவா எழுதியிருக்காங்க?"

"இல்ல அத்தே. ஒண்ணு பாதியிலயே நிக்குது. இன்னொண்ணுல கணக்கே தப்பு."

"அப்புறம் ஏன் முழுசா போட்டே?"

"ஒருத்தர் கோஹிமாவுல இருக்காரு. ஒரு அக்கா பாட்னா. மூஞ்சியே பார்த்ததில்ல. என்னைவிடப் பெரியவங்களா இருப்பாங்க. நான் போய் குறை சொன்னா நல்லாவா இருக்கும்?"

இரண்டு நாள் கழித்து அவளுக்கு மதிப்பெண் குறைந்து வந்தது. பிறர் எழுதியதை விமர்சன நோக்கோடு அணுகவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "நான் மரியாதையாதானே அத்தே நடந்துகிட்டேன்?"

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, அடுத்தவர் குறையை நாலு பேர் முன்னால் சொல்லாதே என்று அவளை வளர்த்தது நாங்கள்தான். அந்த வளர்ப்புக்காக அவளுக்கு மதிப்பெண் குறையும் என்று வீட்டில் ஒருவரும் நினைத்ததில்லை. இதே வீட்டுத் திண்ணையில், தூரத்திலிருந்து வந்த ஒரு படிப்பை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஒரு காலத்தில் இப்படித் தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்று ராத்திரி தோன்றியது.

*

நான் பிளஸ் டூ முடித்தது 1996-ல். பாண்டிக்குப் போய்க் கல்லூரியில் சேரும் அளவுக்கு மதிப்பெண் இருந்தது. அந்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. நடவு, களை, மாடு, சமையல் எல்லாம் என் கைக்கு வந்தது. "கரஸ்ல படியேம்மா" என்றார் அப்பா. தபால்வழிக் கல்வி என்பது விண்ணப்பத்தில் இருக்கும் பெயர். ஊரில் எல்லோரும் சொன்னது கரஸ் என்றுதான்.

எங்கள் தெருவுக்கு அது புதிது, நாட்டுக்குப் பழையது. டெல்லிப் பல்கலைக்கழகம் தபாலில் பாடம் அனுப்பத் தொடங்கியது 1962-ல். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே வருஷம் ஆகஸ்டில்தான். மதுரையில் 1971-லும் அண்ணாமலையில் 1979-லும் இந்தப் படிப்பு வந்தது. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், எங்கள் பக்கத்துக் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகமும் பிறந்தன. புதுவைப் பல்கலைக்கழகம் தன் தொலைதூரக் கல்வியை 1995-ல் ஆரம்பித்தது. கல்லூரி வாசலை மிதிக்க முடியாத லட்சக்கணக்கானவர்களுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த வழி அது. அதைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த வழியில் நடந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு தனிமையான வழி என்று. வேறொரு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு டி.டி. எடுத்து அனுப்பிவிட்டு பி.காம். புத்தகத்துக்காகக் காத்திருந்தேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவேன். பரீட்சைக்கு இரண்டரை மாதம் இருக்கும்போதுதான் பழுப்புத் தாள் சுற்றிய கட்டு வந்தது. பிரித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. நான் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள்.

ஆங்கிலத்தை அகராதி வைத்துத் தாண்டினேன். தாண்ட முடியாதது கணக்கு. பம்பாய் வியாபாரி ஒருவர் கல்கத்தா ஏஜென்டுக்கு நூறு பெட்டி சரக்கு அனுப்புகிறார். பாதி விற்கிறது, மீதி கையிருப்பு. யாருடைய ஏட்டில் யார் என்ன எழுத வேண்டும்? கன்சைன்மென்ட் என்ற அந்தப் பாடத்தின் முதல் பக்கத்தில் பத்து நாள் நின்றேன். பம்பாயையும் பார்த்ததில்லை, கல்கத்தாவையும் பார்த்ததில்லை. ஏஜென்ட் என்றால் எனக்குத் தெரிந்தது எல்.ஐ.சி. ஏஜென்ட்.

அப்பாவோடு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு அரிசி மில்லுக்குப் போன அன்று புத்தகத்தையும் கையில் எடுத்துப் போனேன். மில்லில் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு அரைகுறைதான். கணக்கு அவருக்குக் கைவந்தது.

"பாப்பா, இதுல ஒண்ணும் இல்ல. மூட்டை நம்மது, கடை அவனது. வித்தா நமக்குக் காசு, அவனுக்குக் கமிஷன். விக்காத வரைக்கும் அவன் கடையில கெடந்தாலும் மூட்டை நம்மதுதான். இதத்தான் பம்பாய், கல்கத்தான்னு சுத்தி எழுதியிருக்கான்."

சொல்லிவிட்டுத் தன் நீளப் பேரேட்டைத் திறந்து, கமிஷன் மண்டிக்குப் போன 60 மூட்டையின் பற்றையும் வரவையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவர் விரல் நகத்தில் தவிடு ஒட்டியிருந்தது. பத்து நாளாகத் திறக்காத கதவு அந்தக் கால் மணி நேரத்தில் திறந்தது. அதன் பிறகு வாரம் ஒரு நாள் போனேன். பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம். பாடம் சொன்னது அவர்.

பட்டத்தோடு ஒரு தனியார் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போனபோது சான்றிதழைப் பார்த்தவர், "ஓ, கரஸா?" என்று மடித்துத் திருப்பித் தந்தார். அந்த மடிப்பு இன்றும் அந்தத் தாளில் இருக்கிறது.

*

பாகூர்க்காரர்களுக்கு ஏரிதான் எல்லாம். புதுவையின் நெற்களஞ்சியம் என்று எங்களுக்குப் பெயர் வந்தது அந்த ஏரியால். ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது? தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. சிங்காரி, பங்காரி என்ற சகோதரிகளின் பெயரோடு சேர்த்து அந்த வாய்க்கால்களின் கதையைச் சொல்வார்கள். எங்கோ பெய்த மழை எங்கள் ஏரியில் நிற்கிறது. ஆனால் ஏரி நிறைந்தால் மட்டும் வயல் நிறையாது. மடையைத் திறக்க ஆள் வேண்டும். இன்றைக்கு யார் வயல், நாளைக்கு யார் வயல், எந்தக் கழனி மேடு, எது பள்ளம் என்று தெரிந்த ஆள்.

கல்வியும் நீரும் ஒன்று என்பது இந்த ஊருக்குப் புதிய நினைப்பு அல்ல. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், பாகூர் வித்யாஸ்தானத்துக்கு, அதாவது இங்கே நடந்த கல்விக்கூடத்துக்கு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. அந்தச் செப்பேடு இங்கே 1879-ல் கிடைத்தது. சிவன் சடையில் கங்கை தங்கியதுபோல இந்த ஊரில் கல்வி தங்கியிருக்கிறது என்ற பொருளில் அதில் ஒரு வரி உண்டு. கல்வி ஓர் ஊரில் தங்க வேண்டுமென்றால் சொல்லித் தருகிறவர்கள் அங்கே தங்கிச் சாப்பிட வழி வேண்டும். அதைப் புரிந்துகொண்டுதான் மூன்று ஊர்களின் வருமானத்தை எழுதிவைத்தார்கள். அந்தச் செப்பேடு இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு நினைப்பு உண்டு: ஏடு போகட்டும், அதில் எழுதிய புத்தி இங்கே இருக்க வேண்டும்.

*

அந்தப் புத்தி வேலை செய்ததை நான் வில்லியனூரில் பார்த்தேன். பட்டம் முடியும் தறுவாயில் அங்கே பெரியம்மா வீட்டில் சில மாதம் தங்கியிருந்தேன். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மைய உதவியோடு, 1998-ல் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் அதற்கு நடுநாயகம். அங்கிருந்து கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் என்று சுற்றியுள்ள கிராமங்களுக்குச் செய்தி போகும். ஊர்களில் நல்ல தொலைபேசிக் கம்பி கிடையாது. ஆகவே இருவழி ரேடியோ வைத்துத் தகவலை அனுப்பினார்கள். கரண்ட் நின்றால் சூரிய ஒளி மின்சாரம். கீழூர் என்றால் புதுவைக்காரர்களுக்கு 1954 அக்டோபர் 18 நினைவுக்கு வரும். 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த ஊர் அது. அங்கே கம்ப்யூட்டர் வந்ததும் ஒரு வரலாறாகவே எங்களுக்குப் பட்டது.

கட்டடத்தை ஊர் கொடுக்க வேண்டும், எந்தச் சாதிக்காரரும் உள்ளே வர வழி இருக்க வேண்டும், ஊரிலிருந்தே தொண்டர்கள் வந்து நடத்த வேண்டும். இவை நிபந்தனைகள். தொண்டர்களில் பெண்கள்தான் அதிகம். பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் பலர். பயிற்சிக்கு வந்த ஓர் அக்காவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தார். சொல்லித் தருவதையெல்லாம் தன் சொல்லில் அதில் எழுதிக்கொள்வார். ‘ஸ்டார்ட்டை அமுக்கித்தான் நிறுத்த வேண்டும்’ என்று ஒரு வரி. ‘மவுஸ் இடது பக்கம் இரண்டு தட்டு, நடுவில் கை அசையக் கூடாது’ என்று இன்னொரு வரி. எந்தப் பதிப்பகமும் போடாத பாடநூல் அது. அவர் ஊரில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் படித்தார்கள்.

மையம் என்ன சொன்னது? நெல் விலை, அரசுத் திட்டம், பரீட்சை முடிவு. இவற்றை வாங்கி அப்படியே ஒட்டிவிட்டுப் போகவில்லை. ஒரு திட்ட அறிவிப்பு வந்தால், எந்த ஆபீஸ், என்ன நகல், எந்தத் தேதிக்குள், கூட யார் போக வேண்டும் என்று பேசிப் பேசி ஊர்த் தமிழில் ஆக்கினார்கள். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் போட்ட அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசித்தார்கள். அந்தத் திட்டத்துக்கு 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. 2003-ல் அதே நிறுவனம் கிராமத்து ஆட்களையே ஆசிரியர்களாக மதிக்கும் தேசிய மெய்நிகர் கல்விக் கழகத்தையும் தொடங்கியது.

2004 டிசம்பர் 26 காலையில், அப்படி ஒரு மையம் இருந்த நல்லவாடு என்ற கடற்கரைக் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலை செய்த அந்த ஊர்ப் பையன், சுனாமி வருகிறது என்று சொன்னான். அதைக் கேட்டவர்கள் மையத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊர் ஓடித் தப்பியது. அந்த மைக் அன்றைக்கென்று வாங்கி வைத்தது அல்ல. தினமும் அலை உயரம் சொல்லி, அந்தக் குரலை நம்பலாம் என்று ஊருக்குப் பழக்கியிருந்தார்கள். சிங்கப்பூர் போனையும் நல்லவாட்டு மைக்கையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒன்று இல்லாமல் இன்னொன்று என்ன செய்திருக்கும்?

*

இப்போது எல்லார் கையிலும் இன்டர்நெட். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயம் 2017-ல் வந்தது. கல்லூரியில் ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் படிக்கலாம் என்று 2021-ல் விதி வந்தது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். திறந்தநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் எல்லாருக்கும் தெரியச் சொன்னது. அந்த அறிவிப்பைப் படித்தபோது மடித்துத் தந்த என் சான்றிதழை எடுத்து ஒரு முறை தடவிப் பார்த்தேன்.

என் அண்ணன் மகளுக்குப் பாடம் பரீட்சைக்கு இரண்டரை மாதம் முன்னால் வருவதில்லை. ஒரே நொடியில் வருகிறது. ஒரே வகுப்பில் நாகாலாந்தும் பீகாரும் கேரளமும் துபாயில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் கனவில்கூடப் பார்க்காத வகுப்பு அது. அப்படியிருந்தும் நேரலை வகுப்பில் அவள் மைக் எப்போதும் மியூட்டில். சந்தேகம் வந்தால் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கிப் பத்து வரி எழுதுவாள். பிறகு அழித்துவிடுவாள். கேள்வி கேட்டால் ஆசிரியர் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று குற்றம் சொன்னதுபோல ஆகிவிடுமோ என்று பயம். அந்தப் பக்கம் இருக்கிறவருக்குத் தெரிவது ஒரு கறுப்புக் கட்டமும் ஒரு பெயரும்தான். கவனம் இல்லாத பெண் என்று அவர் நினைத்தால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கும் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வளர்ச்சி குறைந்த நாடுகளில் இருந்து ஆன்லைன் பாடங்களில் சேர்கிறவர்கள் பாதியில் நிற்பது அதிகம். இது நமக்கான இடமில்லையோ என்ற தயக்கமும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்லும் ஆய்வு 2017-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. தனக்கு எது முக்கியம், இந்தப் படிப்பு அதற்கு எப்படி உதவும் என்று தொடக்கத்திலேயே சில நிமிடம் எழுத வைத்தார்கள். இடைவெளி குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் ஹார்வர்டு, எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு பாடங்கள் சுமார் 250-ல், இரண்டரை வருஷம், இரண்டரை லட்சம் பேரிடம் அதே வழியைச் செய்து பார்த்து 2020-ல் முடிவு வெளியிட்டபோது பலன் சிறியதாகவே இருந்தது. ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்கவில்லை.

எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. மேட்டுக் கழனிக்கும் பள்ளத்துக்கும் ஒரே அளவு மடை திறக்க முடியாது என்று பாகூரில் எல்லாருக்கும் தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து எழுதுகிற ஒரே வாக்கியம் எல்லா ஊர்ப் பிள்ளையையும் தொடாது. அந்த ஊரை அறிந்த ஒருவர் இந்தப் பக்கமும் இருக்க வேண்டும். ஆன்லைனில் கற்பிக்கிறவர்களுக்குத் தொழில்முறைப் பயிற்சி கொடுக்கிறோம். ஒலி, ஒளி, மென்பொருள் எல்லாம் அதில் இருக்கிறது. மாணவியின் மௌனத்துக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்பதும் அதில் ஒரு பாடமாக வேண்டும். அதோடு ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்திலும், நூலகத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ, பயிற்சியும் சம்பளமும் பெற்ற ஒருவர் சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். 9-ஆம் நூற்றாண்டில் இதற்கு மூன்று ஊர் கொடுத்தார்கள். நான் கேட்பது ஒரு மேசையும் ஒரு ஆளும்.

*

இன்று அந்த அரிசி மில்லில் கணக்கு எழுதுவது நான். நீளப் பேரேடு போய் டாலி வந்துவிட்டது. அண்ணன் மகளின் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. ஒரு நாள் மத்தியானம் அவளை மில்லுக்குக் கூட்டிப் போனேன். ஒருவர் ஈரம் காயாத நெல் கொண்டுவந்திருந்தார். வயதில் என்னைவிடப் பெரியவர். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். பழைய கணக்குப்பிள்ளையிடம் கற்றதைத்தான் சொன்னேன்.

"அண்ணே, நெல்லு நல்ல நெல்லு. மணி பெருசா இருக்கு. இன்னும் ஒரு வெயில் காட்டியிருந்தீங்கன்னா விலை ஏறியிருக்கும்."

அவர் முகம் சுளிக்கவில்லை. களத்தில் இடம் கேட்டு மூட்டையை இறக்கினார்.

"பார்த்தியா," என்றேன் அவளிடம். "ஈரம்னு சொல்லாம விட்டிருந்தா அவருக்கு நான் மரியாதை பண்ணதா ஆகுமா? மூட்டை உள்ளேயே வெந்து போயிருக்கும்."

அடுத்த தவணையில் கோஹிமாக்காரரின் கட்டுரை மறுபடி அவளுக்கு வந்தது. இரண்டு முறை முழுசாகப் படித்தாள். எது நன்றாக இருக்கிறது என்று மூன்று வரி எழுதினாள். மூன்றாம் பகுதியில் கணக்கு எங்கே சறுக்குகிறது என்று வரி எண் போட்டுக் காட்டினாள். கடைசியில் எங்கள் மில் வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவிட்டாள், இன்னும் ஒரு வெயில் காட்டியிருந்தால் விலை ஏறும் என்று. மதிப்பெண் 10-க்கு 7. அனுப்பிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

மறுநாள் பதில் வந்தது. தன் கட்டுரையை இதுவரை யாரும் கடைசி வரை படித்ததாகத் தெரியவில்லை, நன்றி என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வி. எங்கள் மலையில் மூங்கில் பாயில் நெல் காய வைப்போம், உங்கள் ஊரில் எதில் காய வைப்பீர்கள்?

"அத்தே, களத்துக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"களம்னே எழுது. எப்படி இருக்கும்னு சொல்லு, புரிஞ்சுக்குவாரு" என்றேன். சிறிது நேரம் கழித்து மேலே போய்ப் பார்த்தேன். சாணி தெளித்து, சூரியன் ஏறும் முன்னால் நெல்லைப் பரப்பி, காலால் கீறிக்கொண்டே நடப்பதை அவள் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டிருந்தாள். அழிக்கவில்லை.